கையேட்டுக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா உங்களுக்கு?

குழந்தை விடிய விடிய அழுகிறது, காரணம் புரியவில்லை! புரோகிராமிங் கற்க ஆசை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை! மீட்டிங்கில் நாலு பேர் முன்னால் பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது! மூன்றுக்குமே புத்தகம் இருக்கிறது. ஆனால் கடையில் அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கிறார்களே, அதில் எதை நம்பி எடுப்பது? நல்ல கையேட்டை அடையாளம் காணும் துப்பு, அந்தக் கையேடுகளின் கதைக்குள்ளேயே இருக்கிறது என்பது தெரியுமா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

துடுப்பு வீரர் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகம்!

1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ். படகுப் போட்டியில் அமெரிக்க அணிக்குத் தங்கம்! அந்தப் படகில் துடுப்புப் போட்ட ஓர் இளைஞர், பின்னாளில் உலகத்துக்கே குழந்தை வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார், தெரியுமா? அவர்தான் டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்! 1946-ல் வந்த அவருடைய புத்தகத்தின் மலிவுப் பதிப்பு விலை வெறும் 25 சென்ட். ஆறே மாதத்தில் 5 லட்சம் பிரதிகள்! 1998-ல் அவர் மறைந்தபோது கணக்கு 5 கோடியை எட்டியிருந்தது!

பிள்ளைக்கு முத்தம் கூடாதா?

ஸ்பாக் வருவதற்கு முன் பெற்றோர் எதைப் படித்தார்கள் என்று தெரியுமா? 1928-ல் ஜான் வாட்சன் என்ற உளவியலாளர் ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளைகளைக் கொஞ்சக் கூடாது, மடியில் வைக்கக் கூடாது! காலையில் எழுந்ததும் கை குலுக்கினால் போதுமாம்! இதை நம்பி எத்தனை வீடுகளில் அம்மாக்கள் ஆசையை அடக்கிக்கொண்டு நின்றிருப்பார்கள்! "பிள்ளையை அள்ளி அணையுங்கள், உங்கள் மனதை நம்புங்கள்" என்று ஸ்பாக் சொன்னதும் நாடே மூச்சுவிட்டதில் ஆச்சரியம் உண்டா?

ஒரே புத்தகம், ஒரே ஆலோசனை... ஆனால் தப்பு!

அதே ஸ்பாக் புத்தகத்தில் ஓர் ஆபத்தும் இருந்தது, தெரியுமா? 1950-களில் வந்த பதிப்பு, குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னது. குப்புறப் படுப்பதற்கும் தூக்கத்திலேயே நேரும் திடீர் மரணத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின! அமெரிக்காவில் 1994-ல் பெரிய பிரசாரமே நடந்தது: மல்லாக்கப் படுக்க வையுங்கள்! அதன்பின் அந்த மரணங்கள் பாதியாகக் குறைந்தன! பழைய புத்தகக் கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று குழந்தை வளர்ப்பு நூலை அள்ளுகிறீர்களா? முதலில் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள்! மருத்துவ விஷயத்தில் புதிய பதிப்புதான் வேண்டும்!

தத்துவமேதை சொன்ன ஓட்டைச் செருப்பு!

1693-ல் ஜான் லாக் எழுதிய கல்வி நூலில் என்ன ஆலோசனை இருந்தது தெரியுமா? குழந்தையின் காலைத் தினமும் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும், தண்ணீர் உள்ளே கசியும் அளவுக்கு மெல்லிய செருப்புப் போட வேண்டும்! உடம்பு உரமேறுமாம்! லாக் கல்யாணமே செய்துகொள்ளாதவர்! ஒரு நண்பருக்கு எழுதிய கடிதங்களே புத்தகமாக வளர்ந்தன.

இதைவிட அதிர்ச்சி வேண்டுமா? 1762-ல் ரூசோ எழுதிய 'எமீல்', ஐரோப்பாவின் புகழ்பெற்ற குழந்தைக் கல்வி நூல். பாரிஸிலும் ஜெனீவாவிலும் அதைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள்! அதை எழுதியவரோ தன்னுடைய ஐந்து குழந்தைகளையும் அனாதை விடுதியில் விட்டுவிட்டவர்! எழுதியவருக்குக் குழந்தைகளோடு பழக்கம் உண்டா என்பதைப் பின்னட்டையில் தேடிப் பார்ப்பது தப்பே இல்லை!

அடையாறில் அச்சான உலகப் புத்தகம்!

மரியா மாண்டிசோரியின் 'தி அப்சார்பென்ட் மைண்ட்' முதலில் எங்கே வெளியானது? ரோம்? லண்டன்? இல்லவே இல்லை! நம் அடையாறில், 1949-ல்!

1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் மகன் மரியோவோடு சென்னை வந்தார் மாண்டிசோரி. அடுத்த ஆண்டே இத்தாலி போரில் குதித்தது. இத்தாலியர் என்பதால் மரியோவைக் காவலில் வைத்தது பிரிட்டிஷ் அரசு! பிறகு மாண்டிசோரியின் 70-வது பிறந்த நாளுக்கு அரசு கொடுத்த பரிசு என்ன தெரியுமா? மகனின் விடுதலை! கொடைக்கானலிலும் தங்கிக் குழந்தைகளைக் கூர்ந்து கவனித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு இந்தியாவில் பயிற்சி கொடுத்தார்! உங்கள் தெருவில் 'மாண்டிசோரி ஸ்கூல்' போர்டு தொங்குகிறதா? அதற்கும் அடையாறுக்கும் இருக்கும் உறவு இப்போது புரிகிறதா?

மீசை வைத்த அம்மா!

குஜராத்தில் ஒரு வக்கீல். மகன் பிறந்தான். இந்தப் பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பது என்று யோசித்தவர் வக்கீல் தொழிலையே விட்டுவிட்டார்! 1920-ல் பாவ்நகரில் குழந்தைகள் பள்ளி தொடங்கினார். அவர் கிஜுபாய் பதேகா. ஊர் வைத்த செல்லப் பெயர் 'மீசை வைத்த அம்மா'! நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஓர் ஆசிரியர் செய்யும் சோதனைகளைக் கதையாகச் சொல்லும் அவருடைய நூல் தமிழில் 'பகற்கனவு' என்று நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக வந்திருக்கிறது. தேடினால் சுலபமாகக் கிடைக்கும்! தடியான கையேடுகள் சொல்லாததை இந்த மெல்லிய புத்தகம் சொல்கிறது!

கணினியே இல்லை... புரோகிராம் தயார்!

1843. மின்சார விளக்குகூட வீட்டுக்கு வராத காலம்! மூன்று குழந்தைகளின் தாய், வயது 27. பாபேஜின் கணக்கு இயந்திரம் பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தார் ஏடா லவ்லேஸ். கூடவே தன் குறிப்புகளையும் சேர்த்தார். அந்தக் குறிப்புகள் கட்டுரையைவிட எத்தனை மடங்கு பெரியவை தெரியுமா? சுமார் மூன்று மடங்கு! இயந்திரம் எப்படிப் படிப்படியாகக் கணக்குப் போட வேண்டும் என்று அதில் அட்டவணையே போட்டுக் காட்டினார்! அந்த இயந்திரத்தைக் கடைசிவரை யாரும் கட்டி முடிக்கவே இல்லை!

முதல் புரோகிராமிங் புத்தகம் எப்போது?

1951-லேயே வந்துவிட்டது! கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் வேலை செய்த வில்க்ஸ், வீலர், கில் மூவரும் சேர்ந்து எழுதினார்கள். உலகத்தில் அப்போது இருந்த கணினிகளையே விரல்விட்டு எண்ணிவிடலாம்! இருந்தும் ஒருவர் எழுதிய துண்டு நிரலை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்துவது எப்படி என்று அதில் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு எல்லாரும் 'லைப்ரரி' என்று சொல்லிப் பயன்படுத்துகிறோமே, அந்த யோசனைதான்!

228 பக்கம் போதும்!

நல்ல பாடநூல் என்றால் தலையணை மாதிரி கனக்க வேண்டுமா என்ன? சி மொழிக்கு பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் 1978-ல் எழுதிய புத்தகம் 228 பக்கம்தான்! புரோகிராமிங் கற்கும் எல்லாரும் முதலில் திரையில் 'ஹலோ வேர்ல்டு' என்று எழுத வைக்கிறார்களே, அந்த வழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது இந்தச் சின்னப் புத்தகம்தான்! பக்கம் பக்கமாக உதாரணங்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் பயிற்சிகள்! புரோகிராமிங் நூல் வாங்கும்போது பயிற்சிக் கணக்கு இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் யோசியுங்கள்!

நம் ஊர் இன்ஜினியரிங் மாணவர்களின் பையில் சி மொழிக்கு வேறொரு புத்தகமும் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? இ. பாலகுருசாமி எழுதியது! அவர் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவே இருந்தவர்!

தப்பைக் கண்டுபிடி, செக் வாங்கு!

எழுதிய ஆசிரியரே தன் புத்தகத்தில் தப்புக் கண்டுபிடிப்பவருக்குக் காசு கொடுப்பாரா? 2008 வரை நிஜ செக்காகவே கொடுத்தார்! டொனால்டு கனூத்! ஒரு பிழைக்கு 2.56 டாலர்! ஏன் அந்தக் கணக்கு? 256 சென்ட்! இரண்டை எட்டு முறை பெருக்கினால் வருகிற, கணினிக்காரர்களின் செல்ல எண்! அவர் அனுப்பிய செக்கைப் பலர் வங்கியில் போடவே இல்லை, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள்!

ஒரு புத்தகம், அறுபது ஆண்டு!

அந்தப் புத்தகத்தின் கதை இன்னும் பிரமாதம்! 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' நூலைக் கனூத் எழுதத் தொடங்கியது 1962-ல், வயது 24. பன்னிரண்டே அத்தியாயம் என்றுதான் திட்டம். 1966-க்குள் கையெழுத்துப் பிரதி 3,000 பக்கத்தைத் தொட்டது! ஏழு பாகம் என்று திட்டம் மாறியது. முதல் பாகம் 1968, இரண்டாவது 1969, மூன்றாவது 1973. நாலாவதின் முதல் பகுதி எப்போது? 2011! அடுத்த பகுதி 2022!

நடுவில் என்ன ஆனது? 1977-ல் அச்சுக்குப் போன பக்கங்களைப் பார்த்தார், எழுத்துகளின் அழகு பிடிக்கவில்லை. புத்தகம் எழுதுவதை ஒதுக்கி வைத்துவிட்டு, அச்சுக் கோக்கும் மென்பொருளையே உருவாக்கினார்! அதுதான் டெக். இன்றும் கணிதக் கட்டுரைகளை அதில்தான் கோக்கிறார்கள், அதுவும் இலவசமாக! ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதன் பதிப்பு எண் ஓர் இலக்கம் நீளும்: 3.14, 3.141, 3.1415... ஆமாம், பை எண்ணை நோக்கியே போய்க்கொண்டிருக்கிறது!

ஜெராக்ஸில் வாழ்ந்த புத்தகம்!

ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் 1970-களில் யூனிக்ஸ் மென்பொருளை வரிவரியாக விளக்கி மாணவர்களுக்குப் பாடம் எழுதினார். பிறகு உரிம விதிகள் மாறின. வகுப்பில் நடத்தக் கூடாது என்று தடை! மாணவர்கள் விட்டார்களா? ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, எழுத்து மங்க மங்கப் படித்தார்கள்! முறையாகப் புத்தகம் வெளியானது எப்போது தெரியுமா? 1996-ல்! கிட்டத்தட்ட இருபது ஆண்டு கழித்து!

அட்டையில் நம்ம ஊர் தேவாங்கு!

ஓ'ரெய்லி நிறுவனத்தின் கணினிப் புத்தகங்களில் ஒவ்வோர் அட்டையிலும் ஒரு விலங்கு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? ஈடி ஃப்ரீட்மன் என்ற வடிவமைப்பாளரின் யோசனை! பெர்ல் மொழிக்கு ஒட்டகம். 'செட் அண்ட் ஆக்' புத்தகத்துக்கு என்ன தெரியுமா? தேவாங்கு! கரூர், திண்டுக்கல் காடுகளில் உருண்டைக் கண்ணோடு உலவுகிறதே, அந்தத் தேவாங்குதான்! அதற்காகவே 2022-ல் கடவூரில் 11,806 ஹெக்டேர் பரப்பில் இந்தியாவின் முதல் தேவாங்குச் சரணாலயத்தைத் தமிழ்நாடு அறிவித்தது!

கதை கேட்டுக்கொண்டே கோடிங்!

குழந்தை வளர்ப்பும் புரோகிராமிங்கும் ஒரே புத்தகத்தில் சேருமா? சேர்ந்ததே! பின்லாந்தின் லிண்டா லியுகாஸ், சின்னக் குழந்தைகளுக்காக 'ஹலோ ரூபி' என்ற கதைப் புத்தகத்தைத் திட்டமிட்டார். 2014-ல் இணையம் வழியாகப் பொதுமக்களிடம் 10,000 டாலர் கேட்டார். வந்தது எவ்வளவு? 3,80,000 டாலருக்கு மேல்! ரூபி என்ற சிறுமி கதைக்குள் அலைந்து திரிய, படிக்கும் குழந்தைக்குக் கணினியின் சிந்தனை பிடிபட்டுவிடும்!

தமிழிலும் இருக்கிறது, இலவசமாக!

ஆங்கிலம் தடையா? கவலையை விடுங்கள்! கணியம் அறக்கட்டளையின் வழியாக நித்யா துரைசாமி எழுதிய 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் கிடைக்கின்றன, தெரியுமா? மைஎஸ்கியூஎல், லினக்ஸ், எச்.டி.எம்.எல். எல்லாமே தமிழில்! மின்னூலாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்!

நிரலையே தமிழில் எழுத முடியுமா? முடியும்! 'எழில்' என்ற நிரல்மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கினார். அதைக் கற்றுத்தர என். சொக்கனோடு சேர்ந்து 2013-ல் 'தமிழில் நிரல் எழுது' என்ற புத்தகமும் வந்துவிட்டது!

நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆபீஸ் ஆலோசனை!

மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது, விருந்தில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லும் புத்தகங்கள் புதுசு என்று நினைக்கிறீர்களா? எகிப்தின் அமைச்சர் தாஹோதெப் பெயரில் 37 அறிவுரைகள் இருக்கின்றன! அவற்றைத் தாங்கிய பாப்பிரஸ் சுருள் சுமார் 4,000 ஆண்டுப் பழசு! இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது!

இரண்டு டாலர்கூடத் தர மறுத்தார்கள்!

1912, நியூயார்க். பேச்சுக்கலை வகுப்பு எடுக்கிறேன், ஓர் இரவுக்கு இரண்டு டாலர் தாருங்கள் என்றார் ஓர் இளைஞர். ஒய்.எம்.சி.ஏ. மறுத்துவிட்டது, வருமானத்தில் பங்கு மட்டும் தருகிறோம் என்றது. அவர் டேல் கார்னெகி! வகுப்பறையில் வருடக்கணக்கில் சோதித்துப் பார்த்ததெல்லாம் 1936-ல் புத்தகமானது. முதலில் அச்சடித்தது வெறும் 5,000! இதுவரை விற்றது 3 கோடிக்கும் மேல்! முதலீட்டு மன்னர் வாரன் பஃபெட்டின் ஆபீஸ் சுவரில் தொங்குவது எந்தச் சான்றிதழ் தெரியுமா? பட்டப்படிப்புச் சான்றிதழ் இல்லை, கார்னெகி வகுப்பில் வாங்கியது!

அதிருக்கட்டும், மேடை நடுக்கத்துக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறாரே, எத்தனை பேர் கவனித்தோம்? 73-வது அதிகாரம், 'அவை அஞ்சாமை'! எந்தச் சபையில் எதைப் பேசுவது என்பதற்கு 72, 'அவை அறிதல்'! ஆளைத் தேர்ந்தெடுக்க 51, 'தெரிந்து தெளிதல்'! பிள்ளைகளைப் பற்றி 7, 'மக்கட்பேறு'! ஒரே நூலில் வீடும் ஆபீஸும்!

வேலை போனவர் எழுதிய வேலைப் புத்தகம்!

1968-ல் சான்பிரான்சிஸ்கோ தேவாலயத்தில் ஆட்குறைப்பு. வேலை இழந்த போதகர் ரிச்சர்ட் போல்ஸ் சும்மா இருந்தாரா? வேலை தேடுவது எப்படி என்று எழுதி, 1970-ல் நூறு பிரதி தானே எடுத்துக் கொடுத்தார்! அது 1 கோடி பிரதிகள் விற்ற புத்தகமாக வளர்ந்தது! பல பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் திருத்தி எழுதினார் என்பதுதான் பெரிய ஆச்சரியம்! வேலைச் சந்தை மாற மாற, புத்தகமும் மாறியது!

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வழிகாட்டி நூல்!

1859 நவம்பரில் டார்வினின் பரிணாம நூல் வந்தது. அதே மாதம் வந்த இன்னொரு புத்தகம் தெரியுமா? சாமுவேல் ஸ்மைல்ஸின் 'செல்ஃப் ஹெல்ப்'! லீட்ஸ் நகரத்து இளம் தொழிலாளர்களுக்கு அவர் மாலை நேரத்தில் பேசியவைதான் அதற்கு விதை. ஜப்பானுக்கும் போனது. டொயோட்டா குடும்பத்தின் முன்னோடி சாகிச்சி டொயோடாவுக்கு அதுவே ஆதர்சம்! அவர் பிறந்த ஊர் நினைவகத்தில் அதன் பிரதியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்!

தமிழில்? தொண்டி தந்த அப்துற் றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி', எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்'... எத்தனை வீடுகளில் அப்பா பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த முதல் புத்தகங்கள் இவை!

900 பேரில் ஒருவர்கூட இல்லை!

சரி, இதையெல்லாம் எங்கே தேடுவது? நூலகத்தில்தான்! சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவிக்கு 900 பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவருக்குக்கூட நூலகப் பயிற்சி இல்லை! 1924-ல் அந்த வேலைக்கு வந்த சீர்காழிக்காரர் கணிதப் பேராசிரியர். நேர்காணலுக்குச் சில நாள் முன்பு கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரைதான் அவருக்கு நூலகம் பற்றித் தெரிந்தது! அவர் எஸ்.ஆர். ரங்கநாதன்! லண்டன் கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்து, துண்டுகளைக் கோத்துப் புத்தகங்களை வகைப்படுத்தும் முறையையே கண்டுபிடித்தார்! 1931-ல் ஐந்து விதிகளும் தந்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதும் அதில் ஒன்று!

மூன்று எண், மூன்று அலமாரி!

இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்! டியூயி என்பவர் வகுத்த எண் முறையில் அடுக்கிய எந்த நூலகத்திலும் குழந்தை வளர்ப்பு 649. புரோகிராமிங் 005. தொழிலில் முன்னேறுவது 650. கவனித்தீர்களா? 649-க்கு அடுத்தது 650! தொட்டில் பிள்ளைக்கான புத்தகமும் பதவி உயர்வுக்கான புத்தகமும் அலமாரியில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்! உலகத்தையே பத்து வகுப்பாகப் பிரித்த அந்தத் திட்டம் 1876-ல் முதலில் வந்தபோது எத்தனை பக்கம் தெரியுமா? 44!

பின்னட்டையில் ஒளிந்திருக்கும் கணக்கு!

புத்தகத்தின் பின்னால் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண் இருக்கிறதே, அது தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும், தெரியுமா? சி மொழிப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பையே எடுங்கள்: 9780131103627. முதல் இலக்கத்தை 1-ஆல், அடுத்ததை 3-ஆல், மறுபடி 1, மறுபடி 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள். 9, 21, 8, 0, 1, 9, 1, 3, 0, 9, 6, 6, 7. மொத்தம் 80! சரியான எண் என்றால் கூட்டுத்தொகை பத்தின் மடங்காகவே வரும்! ஓர் இலக்கம் தப்பினாலும் மாட்டிக்கொள்ளும்! ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எண் என்பதால், இணையத்தில் ஆர்டர் செய்யும்போது இந்த எண்ணைப் பார்த்தால் பழைய பதிப்பு தலையில் விழாது!

அப்படியானால் எதை வாங்குவது?

கதைகளை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்! ஸ்பாக் புத்தகத்தின் பழைய ஆலோசனை பின்னால் மாறியது. கனூத் பிழைக்குக் காசு கொடுத்தார். போல்ஸ் ஆண்டுதோறும் திருத்தினார். கார்னெகி வகுப்பில் சோதித்த பிறகே எழுதினார். நல்ல கையேட்டின் அடையாளம் இதுதான்: செய்து பார்த்து எழுதியிருக்க வேண்டும், தப்பென்றால் திருத்திக்கொள்ளவும் வேண்டும்! எடுத்ததும் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். முன்னுரையில் என்ன மாற்றினார்கள் என்று படியுங்கள். கடைசியில் பொருளடைவு இருக்கிறதா என்று பாருங்கள். உங்களை உறுத்தும் ஒரே ஒரு கேள்விக்கு அதில் பதில் தேடுங்கள். கிடைத்தால், அதுவே உங்கள் புத்தகம்!

படிக்கும்போது பிழை கண்ணில் பட்டால்? பதிப்பகத்துக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்! 2.56 டாலர் வராமல் போகலாம். ஆனால் அடுத்த பதிப்பை வாங்கப்போகும் யாரோ ஒரு புது அம்மாவுக்கு, யாரோ ஒரு மாணவனுக்குச் சரியான வரி போய்ச் சேரும்! அதைச் சேர்த்தவர் நீங்கள்தான்!